ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஹெலிகாப்டர் ரூட்!

சென்னை கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கி, மவுன்ட் ரோட்டைத் தாண்டி சிந்தாதிரிப்பேட்டை பக்கம் பொடிநடையாகப் போனால் ரிச்சி ஸ்ட்ரீட். செல்போன் கவரிலிருந்து சிசிடிவி கேமரா வரை கொட்டிக் கிடக்கும். பத்தடிக்கு ஒருத்தர் 'என்ன வேணும் தம்பி?' என்பார். பதில் ரெடியா இல்லைன்னா பர்ஸ் காலி! ரிமோட் ஹெலிகாப்டர் கிட் வாங்கி ஹாஸ்டலில் பிரிக்காமல் வைத்திருக்கும் பார்ட்டிகளே... அசெம்பிள் பண்ணும் வரிசையிலேயே லிஸ்ட் போட்டுக்கொண்டு இந்தத் தெருவுக்குள் நுழையுங்கள்.

எதுக்கு இவ்ளோ பில்டப்? சின்ன கணக்கு பாஸ். '450' சைஸ் ஹெலிகாப்டரில் மையத்திலிருந்து பிளேடு நுனி வரை சுமார் 35 செ.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், நுனியின் வேகம் மணிக்கு 330 கி.மீ.! ஒரு ஸ்க்ரூ கழன்றால் அது பொம்மை இல்லை, பறக்கும் கத்தி.

முதல் ஸ்டாப், டூல்ஸ் கடை. 1.5, 2 மி.மீ. ஹெக்ஸ் டிரைவரை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். மட்டமானது ஸ்க்ரூ தலையை மழுக்கிவிடும். கூடவே நீலக் கலர் த்ரெட் லாக்கர். உலோகத்துக்குள் இறங்கும் உலோக ஸ்க்ரூவுக்கு மட்டும், எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடலாம். கம்பெனியே பூட்டி அனுப்பிய பாகங்களையும் கழற்றிப் பார்த்து, திரும்ப லாக்கர் போட்டுப் பூட்டுங்கள். நம்பிக்கை வாழ்க்கையில் ஓகே, ரோட்டாரில் வேணாம்!

அடுத்து, பாக்கெட் சைஸ் டிஜிட்டல் தராசு. இரண்டு பிளேடும் ஒரே எடையா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இலேசான பிளேடில் துளி டேப் ஒட்டிச் சரிக்கட்டலாம். இல்லாவிட்டால் மொத்த மெஷினும் நடுங்கும்.

மூணாவது அயிட்டத்துக்குக் காசே வேண்டாம். ஒரு துண்டு பேப்பர்! மோட்டாரின் பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவில் அதைச் செருகி, நெருக்கி, மோட்டார் ஸ்க்ரூவை டைட் பண்ணுங்கள். கியரைச் சுற்றி பேப்பரை வெளியே எடுத்தால் இடைவெளி கச்சிதம்.

கடைசி ஸ்டாப், பேட்டரி. 3 செல் லிப்போ என்றால் 11.1 வோல்ட். வோல்டேஜ் செக்கரும் லிப்போவுக்கான சார்ஜரும் கட்டாயம். சார்ஜில் போட்டுட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிடாதீங்க. உப்பிய பேட்டரியைத் தொடவே கூடாது.

ரூமில் முதல்முறை கரன்ட் கொடுக்கும்போது பிளேடு மாட்டாதீர்கள், மோட்டார் ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கையில் ஸ்வாஷ்பிளேட் மட்டமாக இருக்கணும். வாலைக் கையால் ஒரு பக்கம் தள்ளினால், ஜைரோ அதை எதிர்த்துத் திருத்தணும். கூடவே சேர்ந்து தள்ளினால் திசை தப்பு. அப்படியே பறக்கவிட்டால் பம்பரம்தான்!

எல்லாம் ஓகேவா? டிஜிட்டல் ஸ்கை மேப்பில் பச்சை ஏரியா பார்த்து, ஆளில்லாத மைதானத்துக்குப் போங்க. முதல் நாள் தரையிலிருந்து ஒரு ஜான் எழும்பினாலே செம சாதனை, மச்சி!