குப்பைமேட்டில் கிடைத்த பால்யம்

அமெரிக்கப் பாலைவனத்து ஊர் ஒன்று தன் பழைய குப்பைக் கிடங்கைத் தோண்டியபோது, ஒரு தலைமுறையின் வீடியோ கேம் நினைவுகள் நசுங்கிப்போய் வெளியே வந்தன.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மணலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஊருக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில் சுமார் 700 சதுர கி.மீ. பரப்புக்கு வெள்ளை வெளேரென்று ஜிப்சம் மணல்மேடுகள். 2019 டிசம்பரில் தேசியப் பூங்கா அந்தஸ்து பெற்ற இந்த இடத்தில் குழந்தைகள் பிளாஸ்டிக் தட்டுகளில் உட்கார்ந்து சரிவில் வழுக்கி விளையாடுகிறார்கள். கிழக்கே சாக்ரமெண்டோ மலைத்தொடர். நெடுஞ்சாலையோரம் ஒரு தோட்டக்காரர் குடும்பம் நிறுத்திவைத்திருக்கும் 30 அடி உயரப் பிஸ்தா சிலை. மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். ஒரு நாளில் சுற்றிவிடக்கூடிய ஊர்.

ஆனால் அலமகோர்டோவின் சுவாரஸ்யமான விஷயங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. 1945 ஜூலை 16 அதிகாலை, வடமேற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. வானம் வெளுத்ததைக் கண்டு திகைத்த மக்களிடம், எங்கோ ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை என்று ராணுவம் சொன்னது. ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. 1961-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பித் திரும்பப் பெற்ற ஹாம் என்ற சிம்பன்ஸி பயிற்சி பெற்றதும் இங்குள்ள ஹாலமன் விமானப்படைத் தளத்தில்தான். 1983 ஜனவரியில் அது இறந்தபோது, எலும்புக்கூடு நீங்கலாக மற்ற எச்சங்களை இந்த ஊர் விண்வெளி அருங்காட்சியகத்தின் வாசலில் புதைத்தார்கள்.

அதே 1983-ல் இன்னொரு அடக்கமும் நடந்தது. அதற்குக் கல்லறைக் கல் கிடையாது.

அந்த ஆண்டு செப்டம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவிலிருந்து சுமார் 145 கி.மீ. பயணம் செய்து பத்துக்கு மேற்பட்ட பெரிய லாரிகள் அலமகோர்டோவின் குப்பைக் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. லாரிகளில் இருந்தவை அடாரி நிறுவனத்தின் வீடியோ கேம் பெட்டிகளும் கார்ட்ரிட்ஜ்களும். பின்னாளில் இந்தியப் பிள்ளைகள் 'கேசட்' என்று அழைத்த அதே சமாச்சாரம். பொறுக்கிச் செல்ல அனுமதி இல்லாத கிடங்கு, கொட்டியதை அன்றன்றே நசுக்கி மூடிவிடுவார்கள் என்பதால்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சிறுவர்களுக்கு அனுமதி ஒரு பொருட்டா? செய்தி பரவியதும் இருட்டில் வேலி தாண்டிக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். எல் பாசோவின் ஆலைக் கழிவைக் கொட்ட நாங்களா கிடைத்தோம் என்று நகராட்சித் தரப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது. மாதக் கடைசியில் குவியலின் மேல் கான்கிரீட் ஊற்றப்பட்டது.

சில மாதங்களுக்கு முன்புவரை கடைகளில் வரிசையில் நின்று வாங்கிய பொருள் அது. அதை ஏன் புதைக்க வேண்டும்? விடை தெரிய, வீடியோ கேம் பார்லரிலிருந்து வீட்டுக்கு வந்த கதையைப் பார்க்க வேண்டும்.

1970-களின் இறுதியில் அமெரிக்க, ஜப்பானிய நகரங்களில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்கள் பெருகின. ஆள் உயரப் பெட்டி, அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு. அதற்காகவே வடிவமைத்த மின்னணுச் சுற்றுகள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 25 சென்ட். அந்தச் சுகத்தை வீட்டு டி.வி.க்குக் கொண்டுவருவதாக வாக்களித்தது, 1977-ல் அடாரி வெளியிட்ட பெட்டி. பின்னாளில் அதன் பெயர் அடாரி 2600. மர நிறப் பட்டையும் கறுப்பு ஜாய்ஸ்டிக்கும் கொண்ட இந்தப் பெட்டி முதலில் மந்தமாகவே விற்றது. 1980-ல், ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆர்கேட் விளையாட்டை உரிமம் வாங்கி வீட்டு வடிவமாக வெளியிட்ட பிறகு விற்பனை எகிறியது. ஒரு கேசட்டுக்காகவே மக்கள் பெட்டி வாங்கினார்கள்.

ஓர் இயந்திரத்துக்கென எழுதிய விளையாட்டை இன்னொன்றுக்கு மாற்றுவதை 'போர்ட்' செய்வது என்பார்கள். உண்மையில் அது மொழிபெயர்ப்பு வேலை. அதுவும், சொற்களே இல்லாத ஒரு மொழிக்கு. அடாரி 2600-ன் நினைவகம் வெறும் 128 பைட். நடுத்தர நீளமுள்ள ஒரு தமிழ் வாக்கியத்தை இன்றைய கம்ப்யூட்டர் எழுத்து முறையில் சேமிக்கக்கூட அது போதாது. ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ள இடமில்லாததால், டி.வி. திரையில் ஒவ்வொரு கோடு வரையப்படும்போதும் அடுத்து எதை வரைவது என்பதை ப்ரோகிராம் அந்தக் கணமே சொல்ல வேண்டும். மேலும் அது இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. டென்னிஸ் போன்ற 'பாங்'குக்கும் டாங்கிச் சண்டைக்கும் அது தாராளம். அதற்கு மேல் கேட்டால் தந்திரம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தத் தந்திரத்துக்குச் சோதனையாக வந்தது 'பேக்-மேன்'. நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி உருவாக்கி 1980-ல் வெளிவந்த இந்த விளையாட்டு, துப்பாக்கி இல்லாமலே உலகை மயக்கியது. வாயைத் திறந்து மூடும் மஞ்சள் வட்டம், புள்ளிகள் நிறைந்த பாதைச் சிக்கல், துரத்தும் நான்கு வண்ண ஆவிகள். இதை வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அடாரியின் டாட் ஃப்ரையிடம் வந்தது. ஆர்கேட் இயந்திரத்தில் ப்ரோகிராமுக்கு மட்டும் 16 கிலோபைட் இருந்தது. அவருக்குக் கிடைத்தது 4. இரண்டு உருவங்களுக்கே வசதியுள்ள பெட்டியில் ஐந்து உருவங்கள் ஓட வேண்டும். ஃப்ரை ஒன்றைப் பேக்-மேனுக்குக் கொடுத்தார். மற்றதை நான்கு ஆவிகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. ஒரு படத்தில் ஓர் ஆவி, அடுத்ததில் இன்னொன்று. விளைவு, ஆவிகள் மினுக்கின. ஆவிக்கு அது பொருத்தம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

1982 மார்ச்சில் கேசட் வெளியானபோது ரசிகர்கள் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. கறுப்புப் பின்னணிக்குப் பதில் நீலம். புள்ளிகளுக்குப் பதில் சிறு கோடுகள். செர்ரிப் பழம் இருந்த இடத்தில் 'வைட்டமின்' என்ற பெயரில் ஒரு சதுரம். இடமும் வலமும் இருந்த சுரங்க வழிகள் மேலும் கீழும் போய்விட்டன. அந்த இசை எங்கே என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது கரகரப்பு. ஆனாலும் 70 லட்சத்துக்கும் அதிகமாக விற்று, அந்தப் பெட்டிக்கான கேசட்டுகளில் அதுவே முதலிடம் பிடித்தது. விற்பனை வேறு, திருப்தி வேறு என்பதை நிறுவனம் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த அடி அதே ஆண்டு டிசம்பரில் விழுந்தது. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்தை விளையாட்டாக்கும் உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய அடாரி, கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கேசட் வெளிவர வேண்டும் என்று நிர்ப்பந்தித்தது. வழக்கமாகப் பல மாதங்கள் பிடிக்கும் வேலைக்கு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அதை முடித்தும் கொடுத்தார். ஆனால் விளையாடியவர்களுக்கு ஞாபகம் இருப்பது குழிகள்தான். எந்தப் பக்கம் நடந்தாலும் ஈ.டி. குழியில் விழும், கழுத்தை நீட்டி மெல்ல மேலே எழும், கரை சேர்ந்ததும் மறுபடி விழும். கடைகளிலிருந்து கேசட்டுகள் திரும்பத் தொடங்கின.

யார் வேண்டுமானாலும் கேசட் தயாரிக்கலாம் என்ற நிலையில் சந்தை ஏற்கெனவே மட்டமான சரக்கால் நிரம்பி வழிந்தது. அதோடு வீட்டுக் கம்ப்யூட்டர்களின் போட்டி வேறு. 1983-ல் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. 1984-ல் தாய் நிறுவனமான வார்னர், வீட்டு விளையாட்டு, கம்ப்யூட்டர் பிரிவைக் கைகழுவியது. எல் பாசோ லாரிகள் புறப்பட்டது இந்தச் சரிவின் நடுவில்தான்.

பிறகு செய்தி கதையாயிற்று, கதை புராணமாயிற்று. உலகின் மிக மோசமான விளையாட்டான ஈ.டி.யின் லட்சக்கணக்கான பிரதிகளைப் பாலைவனத்தில் புதைத்துவிட்டார்கள் என்று முப்பது ஆண்டுகள் சொல்லப்பட்டது. அப்படி எதுவும் நடந்திருக்காது என்று வாதிட்டவர்களும் உண்டு. வார்ஷாவே அதை நம்பவில்லை. அவர் அதற்குள் தொழிலை மாற்றிக்கொண்டு மனநல ஆலோசகராகியிருந்தார்.

கதைக்கு முடிவு கட்டியவர்களில் முக்கியமானவர் அலமகோர்டோவில் குப்பை அகற்றும் தொழில் நடத்திய ஜோ லெவண்டோவ்ஸ்கி. பழைய புகைப்படங்களை ஒப்பிட்டுப் பரந்த கிடங்கில் அந்த இடத்தை அவர் குறித்துக்கொடுத்தார். மைக்ரோசாஃப்டின் பண உதவியில் ஆவணப்படக் குழு ஒன்று தோண்டத் தயாரானது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் சம்மதம் தேவைப்பட்டது. தொல்லியலாளர்களும் சேர்ந்தார்கள். ஆயிரமாண்டு மண்பாண்டங்களைத் தேடும் அதே முறையில் முப்பதாண்டுப் பிளாஸ்டிக்கைத் தேடும் வேலை.

2014 ஏப்ரல் 26 அன்று மணற்புயல் வீசியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வேலியோரம் காத்திருந்தார்கள். ஏறத்தாழ 30 அடி ஆழத்தில், பழைய செய்தித்தாள்களுக்கும் வீட்டுக் குப்பைக்கும் இடையிலிருந்து முதல் கேசட்டுகள் வெளிவந்தன. கூட்டத்தில் நின்ற வார்ஷாவின் கண்கள் கலங்கின. புழுதி மட்டும் காரணமல்ல. ஐந்து வாரத்தில் தான் செய்த ஒரு காரியம் முப்பது வருடம் கழித்தும் இத்தனை பேரை இழுத்து வந்திருக்கிறதே என்ற நெகிழ்ச்சி.

ஆனால் மண் சொன்ன சாட்சி புராணத்தோடு ஒத்துப்போகவில்லை. வெளியே எடுத்த சுமார் 1,300 கேசட்டுகளில் ஈ.டி. சிறு பங்குதான். மற்றவை செண்டிபீட், மிசைல் கமாண்ட், டிஃபெண்டர், ஆஸ்டிராய்ட்ஸ், பேக்-மேன் என்று பார்லரிலிருந்து வீட்டுக்கு வந்து சக்கைப்போடு போட்ட பெயர்கள். புதைக்கப்பட்டது ஒரு தோல்வி அல்ல, ஒரு கிடங்கு. நல்லது கெட்டது பார்க்காமல், விற்காதது, திரும்பி வந்தது, வாங்க ஆளில்லாதது என எல்லாமே குழிக்குப் போயிருக்கின்றன. ஒரு விளையாட்டு ஒரு நிறுவனத்தைக் கொன்றது என்று சொல்வது எளிது. பேராசை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தது என்பது அவ்வளவு சுவையான கதை இல்லை.

நசுங்கி, சாயம் போய், குப்பை நாற்றம் அடித்த கேசட்டுகளுக்கு நகரம் சான்றிதழ் இணைத்து இணையத்தில் ஏலம் விட்டது. 881 கேசட்டுகள் 1 லட்சத்து 7 ஆயிரம் டாலருக்கும் அதிகமாக விலைபோயின. ஓர் ஈ.டி. பிரதி மட்டும் 1,500 டாலரைத் தாண்டியது. வேலை செய்கிற அதே கேசட் பழைய சாமான் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். ஒரு பிரதி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அலமகோர்டோவின் விண்வெளி அருங்காட்சியகத்திலும் சில இடம்பெற்றன. ஹாமின் நினைவிடம் இருக்கும் அதே வளாகம்.

விளையாடவே முடியாத கேசட்டுக்கு ஏன் இந்த விலை? அசல் ஆர்கேட் விளையாட்டுகளை இன்று ஓர் எழுத்துப் பிசகாமல் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடலாம். ஆனால் 1982-ல் எட்டு வயதாக இருந்த ஒரு குழந்தைக்குப் பார்லர் எப்போதாவது அப்பாவோடு போகிற இடம். வீட்டில் தம்பி தங்கையோடு அடித்துப் பிடித்து ஆடியது மினுக்கும் ஆவிகளோடுதான். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் அசல், மற்றதுதான் மொழிபெயர்ப்பு. தொண்ணூறுகளில் இந்தியாவின் நடுத்தர வர்க்க வீடுகளில் நகல் பெட்டிகளில் மரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஒன்றையே பல பெயரில் போட்டு 'நூற்றுக்கணக்கான கேம்கள்' என்று ஏமாற்றிய கேசட்டையும், ஊதிவிட்டுச் செருகிய பழக்கத்தையும் யாரும் கோபத்தோடு நினைப்பதில்லை.

இந்தப் பாசத்தில் வணிகமும் இருக்கிறது. பழைய கேசட்டுகளையே போட்டு ஆடும்படி, அதே மர நிறப் பட்டையோடு ஒரு புதிய பெட்டியை 2023-ல் வெளியிட்டது அடாரி என்ற பெயரைத் தாங்கிய நிறுவனம். வணிகம் கலக்காத பாசமும் உண்டு. அதே 4 கிலோபைட் எல்லைக்குள் அசலுக்கு நெருக்கமான பேக்-மேனை எழுதிக் காட்டியவர்கள் ரசிகர்கள். ஈ.டி.யின் குழித் தொல்லையைத் திருத்தி வெளியிட்டவரும் ஒரு ரசிகரே. காசு வாங்கியவர்கள் அவசரத்தில் விட்டதை, காசு கொடுத்தவர்கள் நிதானமாகச் சரிசெய்தார்கள்.

புதைக்கப்பட்ட மொத்த எண்ணிக்கை 7 லட்சத்து 28 ஆயிரம் என்று, அன்று அந்த வேலையை மேற்பார்த்த முன்னாள் அடாரி அதிகாரி சொன்னார். தோண்டியவர்கள் ஆயிரத்து முந்நூறோடு நிறுத்தி, குழியை மூடிவிட்டார்கள். மிச்சமெல்லாம் அலமகோர்டோவின் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் வழக்கம்போல வெள்ளை மணலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கழுத்தை நீட்டி மேலே எழுந்தவை கொஞ்சம்தான். மற்றவை இன்னும் குழியில்.