எழுபது வளைவுகளும் ஒரு பாதமும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்ததும் சமவெளி முடிந்துவிடுகிறது. எதிரே சுவர்போல் எழுந்து நிற்பது கொல்லிமலை. அதன்மேல் ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. வளைவுதோறும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை உண்டு. பேருந்தில் செல்வோர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி, அவ்வெண்களைச் செபமாலை மணிகளைப் போல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே செல்வர். மேலே சோளக்காடு வந்ததும் காற்று குளிர்ந்துவிடும். பலாவும் மலைவாழையும் அன்னாசியும் குவிந்த சந்தை கண்ணில் படும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் விழாவும் எடுக்கின்றனர். ஆகாய கங்கை அருவியைப் பற்றியும் அறப்பளீசுவரர் கோவிலைப் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். நாம் எழுதப் புகுவது அந்தச் சாலையைப் பற்றி. அதனை வண்டியில் கடவாமல் காலால் கடந்ததைப் பற்றி.

நாம் ஓடுவது நம் பங்கு மக்களுக்குப் புதிய செய்தியன்று. ஐம்பதை நெருங்கிய வயதில் இரத்த அழுத்தம் ஏறியபோது, மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதிய கையோடு, "தினமும் நடங்கள் சாமி" என்றும் சேர்த்துச் சொன்னார். நடை சில மாதங்களில் மெல்லோட்டமாயிற்று. காலைத் திருப்பலிக்கு முன் முடித்தாக வேண்டுமாதலால் நாலரை மணிக்கே தெருவில் இறங்கிவிடுவோம். முதலில் எதிர்த்தவை நாய்கள். அவை நாளடைவில் பழகிவிட்டன. பால்காரர் மட்டும் நெடுநாள், "யாரைச் சாமி துரத்துறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பங்கைச் சேர்ந்த நால்வர் நம்மோடு ஓடுகின்றனர்: ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், மின்வாரிய ஊழியர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன்.

நடுவயதில் ஓடத் தொடங்குவோர் தமிழகத்தில் இன்று பெருகிவிட்டனர். 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், விபத்தில் கால் காயமுற்றவர். ஐம்பதைக் கடந்த பின் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். அரை மாரத்தான் என்பது ஏறத்தாழ 21.1 கிலோமீட்டர். நம் கணக்கு ஆசிரியரின் உள்ளத்திலும் அந்த 21.1 குடிகொண்டுவிட்டது. சனவரியில் சென்னையில் நடைபெறும் ஓட்டத்திற்குப் பணம் கட்டிப் பெயரும் பதிந்துவிட்டார். அறுபத்தொன்று வயது, சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள். ஆனால் ஓடத் தொடங்கிய பின் சர்க்கரை இறங்கியது, இடுப்பு இறங்கியது, மாத்திரையும் குறைந்தது. அவர் பெருமைப்பட்டதில் தவறு காண இயலாது. சென்னைக்கு ஒத்திகையாகக் கொல்லிமலை ஏறலாம் என்றவரும் அவரே. ஒரு நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை, நாம் ஐவரும் விடியற்காலையில் காரவள்ளியில் நின்றோம்.

மலையேற்றத்தில் வேகம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சமவெளியிலிருந்து கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம். நாம் கடைப்பிடித்த முறை எளியது: ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச இயல வேண்டும், வாக்கியம் நடுவில் அறுந்தால் நடக்க வேண்டும். மின்வாரிய நண்பரின் கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கூவி, நாம் எத்துணை மெதுவாகச் செல்கிறோம் என்பதை அறிவித்துக்கொண்டே வந்தது. இருபதாம் வளைவில் அவரே அதன் வாயை அடைத்தார். அதன் பின்னரே மலை கேட்கத் தொடங்கியது: எங்கோ ஒழுகும் நீர், குரங்குகள் கிளை மாறும் ஓசை, மேல் வளைவில் இறங்கிவரும் பேருந்தின் ஒலிப்பான். கீழே சமவெளியின் வயல்கள் பாய் விரித்தாற்போல் கிடந்தன.

நாற்பத்தேழாம் வளைவில் தடுப்புச் சுவரின்மேல் அமர்ந்தோம். ஆசிரியர், காலணிக்குள் மண் புகுந்திருக்கிறது போலும் என்று சொல்லி, வலக்காலணியைக் கழற்றினார். காலுறையின் முன்பாதி செந்நிறமாய் நனைந்திருந்தது. காலணியைக் கவிழ்த்தபோது மிளகளவு கல் ஒன்று விழுந்தது. பெருவிரலின் அடியில் தோல் உரிந்து, பத்துக் காசு அகலத்திற்குப் புண். அவர் அதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "வலிக்கவே இல்லையே சாமி" என்றார். வலித்தது என்று சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். எத்தனை வளைவுகளுக்கு முன் அக்கல் உள்ளே புகுந்ததோ, அத்தனை வளைவுகளும் அதன்மேல் மிதித்தே ஏறியிருக்கிறார். ஒரு முறையும் கால் தாங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. "மாணவர்களை உட்காரவைத்து நாற்பது ஆண்டு நின்றவன் நான், கால் மரத்துப்போவது எனக்குப் பழக்கந்தான்" என்று நகைச்சுவையாய்ச் சொல்ல முயன்றார். எவரும் சிரிக்கவில்லை. வந்த பேருந்தை நிறுத்தி, மளிகைக் கடைக்காரரைத் துணைசேர்த்து, மேலே மருத்துவரிடம் அனுப்பினோம். எஞ்சிய இருபத்துமூன்று வளைவுகளை மூவர் பேச்சின்றி ஏறினோம். மாணவன் முன்னே ஓடிவிட்டிருந்தான்.

மறுநாள் ஆசிரியரை விடுதியில் இருத்திவிட்டு வாழவந்திக்குச் சென்றோம். கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை 'நாடு' என்பர். வாழவந்தி நாடு அவற்றுள் ஒன்று. அங்கே ஓர் ஆங்கிலேயத் தம்பதியரின் கல்லறைகள் உள்ளன: ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பிரிந்த சகோதரர்கள். சாலையே இல்லாத காலத்தில் இம்மலைக்கு வந்து, பள்ளி நடத்தி, பல் பிடுங்கி, நரம்புச் சிலந்தி நோய்க்கு மருத்துவம் பார்த்தவர்கள். ஜெஸ்ஸி 1929-இல் மலைக்காய்ச்சலுக்குப் பலியானார். எவலின் அம்மையாரோ, இனி ஓய்வு கொள்ளுங்கள் என்று சபையார் கூறிய பின்னும், எழுபதை எட்டும் வயதில் இம்மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் சென்றார், இரு கைகளிலும் மூங்கிற்கோல் ஊன்றி நடந்தார், பச்சைமலை, கல்வராயன்மலை வரையிலும் சென்றார். 1974-இல், 95 வயதில் இறந்து, கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். எவரும் அவருக்குப் பதக்கம் அணிவித்ததில்லை. அவர் கடந்த தொலைவை அளந்தவரும் இல்லை.

இவர்களின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். வெறுங்காலோடு மரமேறித் திரிந்த சிறுவனாய் இருந்தபோது, தொழுநோயாளிகள் சிலர் தம் தந்தையிடம் வந்ததையும், தந்தை அவர்களின் காயங்களுக்குக் கட்டிட்டதையும் கண்டார். பின்னர் அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் மருத்துவர்களும் எண்ணியிருந்தனர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை; தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பார்த்தார்: சாவி விரலை எலும்புவரை கிழித்திருந்தது, அவன் அதை அறியவே இல்லை. அப்படிக் கண்ட பல நிகழ்ச்சிகளிலிருந்து அவர் தெளிந்தது இது: நோய் நேரடியாகத் தின்பது நரம்பையே, வலி நின்றுபோகிறது, வலி இல்லாதவன் தன் கையையும் காலையும் தானே அறியாமல் அழித்துவிடுகிறான்.

பாதத்தைப் பற்றி அவர் சொல்லியது ஓடுகிறவர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. நெடுந்தூரம் செல்லும் நலமுள்ள மனிதன், களைப்பு ஏற ஏற, தன்னை அறியாமலேயே காலை ஊன்றும் முறையை மாற்றிக்கொள்கிறான். குதிகால் நொந்தால் சுமை விளிம்புக்குப் போகிறது. விளிம்பு நொந்தால் விரலுக்கு. நாம் நொண்டுவது குறையன்று, பாதுகாப்பு. உணர்விழந்த பாதமோ முதல் அடியை எவ்விடத்தில் ஊன்றியதோ அவ்விடத்திலேயே பத்தாயிரமாவது அடியையும் ஊன்றுகிறது. பெருங்காயம் எதுவும் வேண்டியதில்லை. சிறு அழுத்தம் பலமுறை விழுந்தாலே சதை கன்றிப் புண்ணாகிவிடும். இதற்காகத்தான் அவரும் உடன் உழைத்தவர்களும் மென்மையான நுண்ணறை ரப்பரில் செருப்புகளை வடிவமைத்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கி அணிவது அந்த வழியில் வந்ததே. வலியைப் பற்றியே பிராண்ட் 1993-இல் ஒரு முழு நூல் எழுதினார். அதை ஒரு கொடை என்றே கருதினார். 2003-இல் காலமானார்.

தொழுநோய் நம் நாட்டில் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் சர்க்கரை நோயும் நாளடைவில் பாதத்து நரம்புகளை அவ்வாறே மரக்கச் செய்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இவர்கள் அனைவரிடமும் 'நடங்கள், ஓடுங்கள்' என்கிறோம், சொல்வது சரியே. பாதத்தைப் பாருங்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வோர் சிலரே. நாள்தோறும் இரவில் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பார்த்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண் மங்கியவர்க்கு மகளோ மருமகளோ பார்த்துச் சொல்லலாம். காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் எளிய முறை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் செய்துகொள்ள வேண்டும். ஆசிரியர் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் செய்துகொண்டதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழைய பயிர்கள். சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டபோது நிலங்கள் அதற்கு மாறின. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் பெண்களுக்குக் குறைவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்தது. உமி நீக்கும் இயந்திரங்களும் வந்தன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. நகரத்து ஓட்டக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சாமையை, நாம் தங்கிய விடுதியின் அம்மையார், "இது பழசுங்க சாமி, பிள்ளைங்க தொடாது" என்று தயங்கியே பரிமாறினார். நாம் இருமுறை கேட்டு வாங்கி உண்டோம்.

முடவாட்டுக்கால் கிழங்கையும் விட்டுவிடலாகாது. பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பெரணியின் தண்டு அது. செம்மயிர் போர்த்த ஆட்டுக்கால் போலவே இருக்கும். அதன் சூப்பைக் குடித்தால் மூட்டுவலி பறந்துபோகும் என்று வழியெங்கும் விற்கின்றனர். மிளகு காரமும் சூடும் நன்றாயிருந்தன. மூட்டைப் பற்றி நாம் சான்று கூறத் துணியோம். மாணவன் மூன்று குவளை குடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் எழுபது வளைவுகளையும் இறங்கியே ஓடினான். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்காதாகையால் உழைப்பு தெரியாது, நோவு மறுநாள்தான் தெரியும். இரண்டு நாள்கள் கோவில் படியைப் பக்கவாட்டில் திரும்பி இறங்கினான். நல்ல வலி, அவனுக்கு அது கேட்டது.

பந்தயத்தைப் பற்றி இப்போது நாம் சற்று மாற்றியே எண்ணுகிறோம். புனித பவுல் கொரிந்தியருக்கு ஓட்டப் பந்தயத்தை உவமை காட்டியபோது, அவர்கள் ஊருக்கருகே இரண்டாண்டுக்கொருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளை அவர்கள் அறிந்திருந்தனர். வென்றவன் தலையில் சூடியது வாடிப்போகும் இலைமுடி. இன்றோ முடித்தவர் அனைவருக்கும் பதக்கம். அதில் நமக்கு மனக்குறை இல்லை; ஐந்து பதக்கங்கள் நம் அறையிலும் தொங்குகின்றன. எனினும் கடைசிக் கிலோமீட்டர்களில் சாலையோரம் நிற்போர், வலியைப் பொருட்படுத்தாதே, ஓடு என்று கூவுவது மட்டும் இப்போது காதில் நெருடுகிறது.

ஆசிரியரின் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. சனவரி ஓட்டம் அவரின்றி நடந்தது. கட்டிய பணமும் திரும்பவில்லை. பாதத்தில் உணர்வு பெரும்பகுதி போய்விட்டதென்றும், நெடுந்தூர ஓட்டம் இனி வேண்டாமென்றும் மருத்துவர் தெளிவாய்க் கூறிவிட்டார். ஒரு வாரம் எவரிடமும் பேசாதிருந்தார். பின்னர், "காலை மிதிக்காமல் இதயத்துக்கு வேலை கொடுக்க வழி உண்டா?" என்று மருத்துவரிடமே போய்க் கேட்டிருக்கிறார். மிதிவண்டி ஓட்டலாம் என்று விடை வந்தது. பேரனின் மிதிவண்டியில் இருக்கையை உயர்த்திக்கொண்டு, தகுந்த செருப்பும் காலுறையும் அணிந்து, இப்போது நாலரை மணிக்கு அவரும் வந்துவிடுகிறார். நமக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாய் மிதித்தபடி, பழைய வழக்கப்படியே, முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டு வருகிறார். தெரு நாய்கள்தாம் மறுபடி குரைக்கத் தொடங்கியுள்ளன.