நம்பிக்கையே பிணை

அப்பளம் இடவும் ஊறுகாய் போடவும் ஆடை தைக்கவும் அறிந்த பெண்கள் ஊர்தோறும் உள்ளனர். அக்கைத்திறனைத் தொழிலாக்கி நடத்துவோர் சிலரே. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. முதல் இல்லாமையே பெருந்தடை.

கடன் கேட்டுச் செல்வோரிடம் வங்கி பிணை கேட்கும். வீட்டுப் பத்திரமோ நிலப்பட்டாவோ பிணையாகும். அவை பெரும்பாலும் தந்தை பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும். சட்டமும் நெடுங்காலம் பெண்ணுக்குச் சொத்தில் நிகரான பங்கு அளிக்கவில்லை. கேரளத்துச் சிரியன் கிறித்தவப் பெண்களுக்கும் தந்தை சொத்தில் சமபங்கு உண்டென, மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் வந்தது. செல்வம் மிக்க அமெரிக்காவிலும், தொழிற்கடன் பெற விரும்பும் பெண் ஆண் உறவினரின் கையொப்பத்தைப் பெற்று வரவேண்டும் என்னும் நிலை சில மாநிலங்களில் 1988 வரை இருந்தது.

பத்திரம் இல்லாதோர் என்ன செய்வது? 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே இன்றைய லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அதில் உழைக்கும் பெண்களே அதன் உரிமையாளர்கள்.

கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயும் கூட்டுறவின் வலிமையையே நம்பியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் கூடினால் அது ஓர் அயல்கூட்டம். அயல் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. உறுப்பினர்கள் வாரந்தோறும் சிறுதொகை சேமிப்பர். அதிலிருந்தே தேவைப்படுவோருக்குக் கடன் அளிப்பர். ஒழுங்காகக் கணக்கு வைத்துள்ள குழுவை நம்பி வங்கியும் கடன் தரும். ஒருவரையொருவர் அறிந்த நம்பிக்கையே அங்குப் பிணை. தனி ஒருவர் பெற இயலாத வாய்ப்புகளும் கூட்டமைப்புக்குக் கிட்டின. 2017இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, களமசேரி உள்ளிட்ட நிலையங்களில் பயணச்சீட்டு வழங்குதல், தூய்மைப்பணி முதலியன குடும்பஸ்ரீ பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

எனினும் ஒரு தடை எஞ்சி நிற்கிறது. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்கும் பெண், வீடு திரும்பியபின் அங்குள்ள வேலையையும் தானே செய்கிறாள். கணக்கெழுதவோ புதியன கற்கவோ அவளுக்கு நேரமில்லை. பணத்தை வங்கி தரலாம். நேரத்தை வீட்டிலுள்ளோரே தர இயலும். பாத்திரம் துலக்குவதும் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவதும் மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் உரிய பணிகளே.