எட்ட நின்று காண்போம்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, பறவைகளுக்கு ஒரு பெரும் அன்னசத்திரம்.

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள், மாணவர் நால்வருடன் வைகறையிலேயே படுவான்கரையை அடைந்தேன். பூவரச மரமொன்றின் நிழலிலே கட்டுச்சோற்றை இறக்கிவைத்து, தொலைநோக்கியைக் கையில் எடுத்தோம்.

சேற்றோரத்தில் உள்ளான்கள் இரை தேடின. அவற்றுட் பல வட ஆசியாவிலிருந்து மாரிக்கு முன்னர் வந்து, சித்திரையளவில் மீள்வன. பட்ட கிளையொன்றில் நீர்க்காகம் சிறகை விரித்து நின்றது.

"ஏன் இந்தத் தவம்?" என்றான் ஒரு மாணவன்.

தாராவின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனையும். நனைவதனாலேயே அது எளிதில் மூழ்கி மீன் பிடிக்கிறது. பிடித்த பின்னர் வெயிலில் உலர்த்த வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன்.

அவ்வளவில் அமைந்திருக்கலாம். வாவி நடுவே கண்டல் மரங்கள் செறிந்த சிறு தீவொன்றில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. அவற்றை அருகிற் காணும் ஆசையால் தோணியொன்றை அமர்த்தினோம்.

தீவை நெருங்கியதும் தோணிக்காரப் பெரியவர் கோலை ஊன்றி நிறுத்தினார். "இதுக்கு மேல வேணாம் ஐயா. தாய் எழும்பினாக் காகம் இறங்கும்."

"இன்னுஞ் சிறிது தூரம்" என்றேன் நான்.

மறுகணம் தீவே எழுந்து பறந்தாற்போல் வெண்சிறகுகள் வானை மறைத்தன. மாணவர் ஆரவாரித்தனர். அந்த ஆரவாரம் அடங்குமுன் காகங்கள் இறங்கிவிட்டன. ஒன்றன் அலகிலே முட்டை இருந்தது. எவரும் பேசவில்லை. பெரியவரும் என்னைக் கடிந்துகொள்ளாமல் தோணியைத் திருப்பினார். கற்பிக்கச் சென்ற நான் அன்று கற்றுக்கொண்டு திரும்பினேன்.

கூடு கட்டும் காலத்தில் பறவைகளை அணுகாதிருத்தலே அவற்றுக்கு நாம் செய்யும் பேருதவி. தாய் விலகும் சில நிமிடங்களில் முட்டையைக் காகம் கவரும். சிறகு முளையாத குஞ்சை வெயில் வருத்தும்.

மறுவாரமும் சென்றோம்; தோணியை நாடவில்லை. பூவரச நிழலில் ஓசையின்றி அமர்ந்திருந்தோம். உச்சி வெயிலிலே தாய்க்கொக்கு ஒன்று கூட்டின்மேல் நின்று, சிறகை விரித்துத் தன் குஞ்சுகளுக்கு நிழல் செய்வது தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. முதல் வாரம் அத்தனை அருகிற் சென்றும் நாங்கள் காணாத காட்சி அது.