காற்று போடும் சிவப்பு விளக்கு

மண்டபம் ஸ்டேஷன் நெருங்கும்போதே ராமேஸ்வரம் ரயிலில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அதுவரை தூங்கி வழிந்தவர்களும் எழுந்து உட்காருவார்கள். குழந்தைகளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுக்கப்படும். அடுத்தது கடல், பாம்பன் பாலம்!

ஆனால் சில நாட்களில் உப்புக்காற்று முகத்தில் அறைய, ரயில் மட்டும் நகராது. "எதிர் வண்டி வருதுபோல" என்பார் ஒருவர். "இன்ஜின் மக்கர் பண்ணுது" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லாமல், ரயிலை நிறுத்தியது அந்த உப்புக்காற்றாகவே இருக்கலாம்.

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அது சிக்னலோடு இணைக்கப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. காற்று தணியும்வரை ரயில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நாலு விளக்கு, நாலு சேதி

சிக்னல் என்றால் 'நில், போ' என்று மட்டும் சொல்வது என நினைக்கிறோம். 'அடுத்து என்ன வரப்போகிறது' என்று சொல்வதுதான் அதன் பெரிய வேலை. வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

அதனால்தான் மஞ்சள். ஒற்றை மஞ்சள் தெரிந்தால், 'அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா' என்று பொருள். இரட்டை மஞ்சள் என்றால், 'அடுத்த சிக்னலை வேகம் குறைத்துக் கடக்கத் தயாராக இரு.' பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். சிவப்பு என்றால் அதற்கு முன்னால் நின்றே ஆக வேண்டும்.

மானாமதுரை மாதிரி பல திசைகளுக்குப் பாதை பிரியும் ஜங்ஷன்களில், சிக்னல் கம்பத்தின் உச்சியில் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக வரிசைகட்டி எரிவதைப் பார்க்கலாம். 'நீ நேர்ப்பாதையில் போகவில்லை, இந்தப் பக்கம் திரும்புகிறாய்' என்கிறது அது. எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்று அந்த விளக்கு சொல்லாது. கிளைப்பாதைக்கு 30 கிலோமீட்டரா, 15-ஆ என்பது ஓட்டுநருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு தடத்தை நன்றாகப் பழகிய பிறகே அங்கே வண்டி ஓட்ட அவரை அனுப்புவது இதனால்தான்.

தண்டவாளத்தில் வேலை நடக்கும் இடமென்றால், ஓட்டுநர் கையில் முன்கூட்டியே எழுத்துமூலமான எச்சரிக்கை தரப்படும். அந்த இடத்தில் எண் எழுதிய மஞ்சள் முக்கோணப் பலகை நிற்கும். அந்த எண்தான் அங்கே வேக வரம்பு. கொஞ்சம் தள்ளி 'டி/பி', 'டி/ஜி' என்று இரண்டு பலகைகள் இருக்கும். முதலாவது பயணிகள் ரயிலுக்கு, இரண்டாவது சரக்கு ரயிலுக்கு. கடைசிப் பெட்டியும் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது, இனி வேகம் எடுக்கலாம் என்று அர்த்தம். சரக்கு ரயில் நீளம் என்பதால் அதன் பலகை இன்னும் தள்ளி இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு ஜோடிக் கண் மட்டும் பார்ப்பதில்லை. இன்ஜினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். இரவெல்லாம் பயணிகள் நிம்மதியாகத் தூங்கும்போது, முன்னால் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த டிசம்பர் இரவு

விளக்கே எரியாவிட்டால்? அதற்கும் விதி உண்டு. எரியாத சிக்னலை, அது காட்டக்கூடிய மிகக் கடுமையான கட்டளையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும் சிக்னல் என்றால், இருட்டும் சிவப்புதான். அந்தக் காலத்துக் கைகாட்டி மரத்திலும் இதே யோசனைதான். இழுக்கும் கம்பி அறுந்துபோனால், இறங்கியிருந்த கை தானாக நிமிர்ந்து 'நில்' என்று காட்டும்படி எடை வைத்திருந்தார்கள்.

இந்த விதியின் அருமை தெரிய, பாம்பன் தீவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். வெளியே புயல். தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் வேலை செய்யவில்லை என்றும், ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார் என்றும், பதில் எதுவும் வராததால் நீளமாக விசில் கொடுத்து மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்வார்கள். பேரலை ரயிலை மொத்தமாக வாரிக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தப் புயல் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு கர்டர்களையும் கடலுக்குள் தள்ளியது. பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் அதன்பிறகு ரயில் போகவே இல்லை.

பச்சை விழுந்ததும்

2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட, அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக மேலே எழும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதித்த வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். தூக்கும் பகுதியில் மட்டும் 50. பாலம் புதிதானாலும், பலத்த காற்று வீசினால் ரயில் காத்திருக்கத்தான் வேண்டும்.

மண்டபத்தில் காற்று தணிகிறது. விளக்கின் நிறம் மாறுகிறது. லேசான குலுக்கலோடு வண்டி நகர, சலித்துக்கொண்டவர்களும் செல்போனைக் கையில் எடுக்கிறார்கள். இருபுறமும் கடல் விரிகிறது. தூரத்தில் தீவு தெரிகிறது. காத்திருந்த நேரம் யாருக்கும் நினைவில் இல்லை.