தேய்மானமே இல்லாத சரக்கு!

எங்கள் ஊர் மலை மேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் அம்மன். உங்கள் சட்டைப் பையில் கிடக்கிற செல்போனும் கிட்டத்தட்ட அந்த அமைப்புதான் என்றால் (பக்தர்கள் மன்னிக்க!) நம்புவீர்களா? ஒரே உடம்பில் பழைய இன்டர்நெட் பாதி, புது இன்டர்நெட் பாதி.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்பார்கள். 1981-ல் எழுதி வைத்த நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். சில நூறு கம்ப்யூட்டர்கள் மட்டும் இருந்த காலத்தில் அது சமுத்திரம். இன்றைக்கு உலகத்தில் ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாது. 2011 பிப்ரவரி 3-ம் தேதி, கடைசி ஐந்து மூட்டைகளை ஐந்து மண்டலங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு மத்திய குடோன் ஷட்டரை இறக்கிவிட்டது.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் 1995-லேயே ஆறாம் பதிப்பை எழுதி வைத்தார்கள். அதில் 340-க்குப் பின்னால் 36 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு எண்கள். நான் பி.காம். கோடிக்கு மேல் எனக்குப் பழக்கமில்லை.

சிக்கல் என்னவென்றால், பழசும் புதுசும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது, பங்காளிச் சண்டை மாதிரி. 1983 ஜனவரி 1-ம் தேதி, அதற்கு முந்தைய முறையை ஒரே நாளில் கழற்றிப் போட்டார்கள். கல்யாண வீட்டு அளவு கூட்டம்தான், முடிந்தது. இப்போது முடியுமா? அதனால்தான் இரண்டையும் ஒரே கருவியில் ஓட்டுகிறார்கள். 1957-ல் நயா பைசா வந்தபோது அணாவும் சில வருஷம் கூடவே புழங்கியதே, அப்படி.

நீங்கள் ஒரு சைட்டைத் தட்டினால் போன் முதலில் புது வழியில் போய்ப் பார்க்கும். கால் செகண்டுக்குள் பதில் இல்லையா, சத்தமில்லாமல் பழைய வழியிலும் ஓடும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹாப்பி ஐபால்ஸ்'. சந்தோஷக் கண்கள்! நமக்கு எதுவும் தெரியாது. அதில்தான் வினையே. தெரியாததால் யாருக்கும் அவசரமில்லை.

அக்கவுண்டன்ஸி படித்தவனுக்கு இது வயிற்றெரிச்சல். பழைய மெஷின் என்றால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதி, கடைசியில் காயலான் கடை விலைக்கு வரவேண்டும். பழைய முகவரியோ 2021-ல் ஒன்று 50 டாலர் வரை போனது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை எடுத்து நடத்துகிறவர்களிடம், பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை வாங்குகிறது. கையில் சரக்கு வைத்திருப்பவன் எதற்கு ரிடையர்மென்ட் பற்றிப் பேசப் போகிறான்?

இந்த வாடகை யார் தலையில் விடிகிறது என்பதை ஊரிலேயே பார்த்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர், ரிக் வண்டி வைத்திருப்பவர். வண்டியோடு ஒடிசாவில் இருந்தாலும் யார்டில் கிடக்கிற பைப்பையும் பிட்டையும் போனில் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம். ஒரு தரம் திருட்டுப் போயிருக்கிறது. இன்டர்நெட் கனெக்ஷன் மாற்றினார். கேமரா வெளியூரிலிருந்து திறக்கவில்லை. கேட்டால், "ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்குங்க, மாசம் தனி சார்ஜ்" என்றார்களாம்.

"ஏந்தம்பி, எம்பட யார்டை நான் பாக்கறதுக்கு வாடகையா?"

"உங்க தெருவுக்கே இப்ப ஒரே கதவு எண்ணுங்ணா. போற லெட்டர் போயிரும். வர்ற லெட்டர் எந்த வீட்டுக்குன்னு போஸ்ட்மேனுக்குத் தெரியாது."

"அப்ப புது நம்பரு குடுக்கச் சொல்லு."

கொடுத்துத்தான் இருந்தார்கள்! லைனில் ஆறாம் பதிப்பு வந்துகொண்டிருந்தது. அவர் போனுக்கும் தெரியும். நடுவில் இருந்த டி.வி.ஆர். பெட்டிக்குத்தான் தெரியாது, அது பழைய ஆள். இந்தியா முழுக்கவே இந்தக் கதைதான். நாம் லேட்டாக வந்ததால் பழைய எண் நமக்குக் கிடைத்தது கொஞ்சம். 2016-ல் ஜியோ ஆரம்பித்தபோதே புது எண்ணில் இறங்கியது. இன்று கூகுளைத் தொடுகிற இந்தியர்களில் பத்துக்கு ஏழு பேர் புது வழியில்தான் போகிறார்கள். பாக்கி நிற்பது ஆபீஸ் பிரிண்டர், விரல் வைக்கிற அட்டென்டன்ஸ் மெஷின், கேமரா பெட்டி.

அண்ணன் கணக்குப் போட்டார். ஒன்றரை வருஷ வாடகையில் புதுப் பெட்டியே வந்துவிடும். வாங்கினார். ஆனால் பழசைக் கழற்றவிடவில்லை. "ரெண்டும் ஒரு மாசம் ஓடட்டும். ஒடிசாவுல இருந்து புதுசு தெறக்குதான்னு பாத்துட்டு, ஒண்ணாந்தேதி பழசைக் கழட்டிப்போடலாம்." (பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். நமக்குத் திறக்கிற கதவு திருடனுக்கும் திறக்குமே!)

அந்த ஒண்ணாந்தேதியைத்தான் உலகம் இன்னும் குறிக்கவில்லை. செக் நாட்டு அரசாங்கம் துணிந்து குறித்திருக்கிறது: 2032 ஜூன் 6-க்கு மேல் அங்கே அரசு சேவைகள் பழைய முகவரியில் கிடையாது. நம் ஊரில் நீங்கள் ஆபீஸுக்கு எதையாவது வாங்கப் போனால் கடைக்காரரிடம் "இதுல ஐ.பி. ஆறு ஓடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறு என்ன சார், எட்டு கேமராகூட ஓடும்" என்றால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.