மணத்தக்காளி கற்பித்த பாடம்

ஆசிரியத் தொழிலில் ஓர் ஆபத்து உண்டு. நாம் சொல்வதை யாரேனும் ஒருவர் அப்படியே நம்பிவிடுவார். என் சொல்லை நம்பி ஒரு மாணவன் செய்த காரியத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் வெட்கமாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணியாற்றிய கல்லூரியில் நஞ்சுள்ள தாவரங்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ‘நைட்ஷேட்’ என்னும் செடியின் கரும்பழம் உயிரைக் குடிக்க வல்லது என்று ஆங்கில நூலொன்றிற் கண்டதைச் சொன்னேன். “நமது மணத்தக்காளிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்” என்று என் புலமையையும் சற்றே காட்டிக்கொண்டேன்.

மறுநாட் காலை மாணவன் ஒருவனின் அம்மம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் கையில் வேரோடு பிடுங்கப்பட்டு வாடிய மணத்தக்காளிச் செடிகள் இருந்தன.

“தம்பி, இது நஞ்செண்டு நீங்கள் சொன்னதாம். பொடியன் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சு போட்டான். இதைத் திண்டுதானே இவன்ர தாயும் வளந்தவள்? 2010இல நாங்கள் திரும்பி வந்து பாக்கேக்குள்ள வீடும் இல்லை, கிணறும் தூர்ந்து கிடந்தது. முத்தத்தில தானாய் முளைச்சு நிண்டது இது ஒண்டுதான்.”

எனக்கு விடை கூற நா எழவில்லை. அன்று மாலை நூல்களை மீண்டும் புரட்டினேன். பிழை என்னுடையதே. உயிர்குடிக்கும் செடி பெல்லடோனா என்பது; ஐரோப்பா முதலிய குளிர்ந்த நாடுகளுக்கு உரியது. அதன் பழங்கள் கொத்தாகக் காய்ப்பதில்லை. விரிந்த பச்சைப் புல்லிவட்டத்தின் மேல் தனித்தனியே அமர்ந்திருக்கும். மணத்தக்காளியோ மிளகு போன்ற பழங்களைச் சிறு கொத்துகளாகத் தாங்குவது. 1753இல் லின்னேயஸ் ‘சொலானம் நைக்ரம்’ என்று பெயரிட்டது இவ்வினத்திற்கே. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு யாவும் இதன் உறவினர்.

ஆயினும், நஞ்சு என்ற சொல் முற்றிலும் பொய்யன்று. மணத்தக்காளியின் பச்சைக்காயிற் சொலனின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பச்சை படர்ந்த உருளைக்கிழங்கில் இருப்பதும் அதுவே. மிகுதியாக உட்கொண்டால் வாந்தியும் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் உண்டாகும். காய் கனியும்போது இந்நஞ்சு பெரிதும் குறைந்துவிடும். சமைப்பதனால் மட்டும் எளிதில் அழியாது.

மன்னிப்புக் கேட்க அம்முதியவரின் வீட்டுக்குச் சென்றேன். நூல் சொன்னதை அவர் தம் அடுக்களை வழக்காகவே வைத்திருந்தார். நன்கு கறுத்துக் கனிந்த பழத்தையன்றிப் பிள்ளைகளின் கையிற் கொடுப்பதில்லை. இளம் இலையைக் கழுவி, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து அவித்து, தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக்குவார். பச்சையாக உண்ண விடுவதில்லை. காயை உப்பு மோரில் ஊறவிட்டு, வெயிலிற் காயவைத்து வற்றலாக்குவார். அதுவும் பொரித்துச் சோற்றுடன் தொட்டுக்கொள்ளும் அளவே. கடுங்கசப்பாயிருந்தால் துப்பிவிட வேண்டும். களைநாசினி தெளித்த வயல்வரம்பிற் பறிக்கவே கூடாது.

கீரையில் இரும்பும் கல்சியமும் உண்டு. நாவற்பழத்துக்கு நிறந்தரும் அந்தோசயனினே இப்பழத்தையும் கருநீலமாக்குகிறது. வாய்ப்புண்ணுக்கு இக்கீரையை உண்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். ஆனால் இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணுக்குச் சொதியை நம்பியிராமல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

மேல்நாட்டிலும் இத்தகைய பழம் ஒன்றுண்டு. எல்டர் என்னும் மரத்தின் கரும்பழத்தைக் காய்ச்சிப் பாணியாக்கி அங்குள்ளோர் தடிமனுக்குக் குடிப்பர். 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தினர் அப்பழத்தை இலை, கிளைகளோடு சேர்த்துப் பச்சையாகப் பிழிந்து அருந்தினர். பலர் வாந்தியெடுத்து வருந்த, எட்டுப்பேரை வானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. உண்ணத்தக்க பழம்தான், உண்ணும் முறையை மறந்ததே தீங்காயிற்று.

அடுத்த பாடவேளையில் என் பிழையை வகுப்பறிய ஒப்புக்கொண்டேன். பிறகு அம்மம்மா தந்தனுப்பிய கனிந்த பழங்களைப் பிசைந்து, பாடசாலைத் தோட்டத்திலே விதைத்தோம். முதலில் தண்ணீர் ஊற்றியவன் செடிகளைப் பிடுங்கிய அதே மாணவன்.

மாணவச் செல்வங்களே, நூலிற் படித்ததை வீட்டிலுள்ள முதியோரிடமும் கேட்டுப் பாருங்கள். முதியோர் சொல்வதை நூலிலும் தேடிப் பாருங்கள். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினால், செடியைப் பிடுங்குவதற்கு முன் இன்னும் ஒருமுறை விசாரியுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.